அடிக்கிற கையை மூடு

மாண்ட்ரியலில் என்னை யாராலும் தள்ள முடியவில்லை. முதல் பத்து நாட்கள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் திருச்சிக்காரன். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவன். இருபத்தெட்டு வருடமாகக் காலை ஆறு மணிக்கு மைதானத்தில் குங்ஃபூ சொல்லிக்கொடுக்கிறேன். நான் கற்றுக்கொண்டது பெரம்பூரில் அப்ரண்டிஸாக இருந்த காலத்தில், ஒரு சீனப் பல் டாக்டரிடம். டாக்டர் லியு பகலில் பல் பிடுங்குவார், மாலையில் மொட்டை மாடியில் எங்கள் உயிரை வாங்குவார். பிறகு குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட்டார். நான்கு வருடத்துக்கு முன் காலமானார். அவருடைய பள்ளியை இப்போது மாண்ட்ரியலில் நடத்துவது அவர் மகள் லின்.

எனக்கு அவளிடமிருந்து ஒரு கடிதம் வேண்டியிருந்தது. 'திருச்சியில் நடப்பது எங்கள் பள்ளியின் கிளை' என்று ஒரு வரி, கீழே ஒரு முத்திரை. முழங்கால் தேய்ந்துவிட்டது. வகுப்பை என் மூத்த மாணவி ஷீலாவிடம் ஒப்படைக்க வேண்டும். பெயரில்லாத பள்ளியை எப்படி ஒப்படைப்பது? பக்கத்துத் தெரு கராத்தேக்காரர் வேறு, "மாஸ்டர் வித்தை சொந்தத் தயாரிப்பு" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிகிறார். பதினைந்து நாள் வந்து பயிற்சி செய்யுங்கள், பார்க்கிறேன் என்று லின் எழுதியிருந்தாள். கடிதம் எப்படியும் வரும் என்ற தைரியத்தில் பள்ளிக்குப் பெயர்ப்பலகைகூட எழுதக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

தங்கியது நகரத்தின் ஓரத்தில் ரொக்ஸ்பரோவில், குலம் வீட்டில். யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சிக்கு வந்து நான்கு வருடம் இருந்தவன். என் முதல் வகுப்பில் முதல் வரிசையில் நின்றவன். இப்போது டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் சமையலறைக்கு, அவன் பாஷையில் குசினிக்கு, பொறுப்பாளன், தலையும் நரைத்துவிட்டது. ஆனாலும் வாசலில் என்னைக் கண்டதும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"வாங்கோ மாஸ்டர். பயணம் எல்லாம் சுகமோ? சாந்தி, தேத்தண்ணி போடும்!"

அவன் மனைவி சாந்தி தேநீரோடு நிறுத்தவில்லை. இடியப்பமும் சொதியும் சம்பலும் வந்தன. எங்கள் ஊரில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலில் சர்க்கரை போட்டுச் சாப்பிடுவோம் என்றேன். "அது குழந்தைப்பிள்ளையளுக்கெல்லோ அண்ணை" என்றாள் சாந்தி. பன்னிரண்டு இடியப்பம் சாப்பிட்ட பிறகு எனக்கும் அப்படித்தான் பட்டது.

இரண்டாம் நாள் காலை பள்ளிக்குக் கிளம்பினேன். வழியில் நான் ஏறிய ரயிலுக்கு ஓட்டுநர் இல்லை. முப்பத்தாறு வருடம் ரயில்வேயில் குப்பை கொட்டியவனுக்கு இதைவிட அவமானம் வேண்டாம். முன் கண்ணாடி வழியாகத் தண்டவாளத்தை நானே பார்த்துக்கொண்டு போனேன், யாராவது பார்க்க வேண்டுமே. பிறகு மெட்ரோ. அங்கே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டேன். குங்ஃபூ மாஸ்டர் எதற்குக் கம்பியைப் பிடிக்க வேண்டும்? முழங்காலைச் சற்று மடக்கி, கையை விட்டு நின்றேன். இரண்டு நிறுத்தம் தாக்குப்பிடித்தேன். மூன்றாவதில் வண்டி நின்ற வேகத்தில், மடியில் ரொட்டிப் பை வைத்திருந்த ஒரு கனவானின்மேல் போய் உட்கார்ந்தேன். "போன்ஜூர்" என்றார் அவர், ஒன்றுமே நடக்காததுபோல். அவருடைய வளையரொட்டிகள் கொஞ்சம் நசுங்கியிருந்தன.

பள்ளி இருப்பது செயின்ட்-மிஷேலில், டயர் கடைக்கு மேல் மாடி. லினுக்கு நாற்பத்தொன்று, எனக்கு அறுபது. ஆறு வயதில் சென்னையை விட்டுப் போனவள். தமிழில் 'போதும்', 'சீக்கிரம்', 'தண்ணி' மூன்றும் மிச்சம். மற்றபடி ஆங்கிலம், மாணவர்களிடம் பிரெஞ்சு. வாசலில் நின்று முறைப்படி அவளை வணங்கினேன்.

இந்த வணக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு கையை முஷ்டியாக்கி, மற்றக் கையை விரித்து அதன்மேல் வைத்து, நெஞ்சுக்கு முன்னால் நீட்டுவது. முஷ்டி பலம், விரித்த கை அதை அடக்கும் அறிவு. டாக்டர் லியு எனக்குச் சொல்லித்தந்தது வலது முஷ்டி, மேலே இடது கை. அதை மாற்றியவன் நான். முதல் வகுப்பை விஜயதசமி அன்று தேங்காய் உடைத்துத் தொடங்கினேன். பிள்ளையைச் சேர்க்க வந்த ஒரு அம்மா, "என்ன மாஸ்டர், நல்ல நாளும் அதுவுமா குழந்தையை இடது கையைக் காட்டச் சொல்றீங்க?" என்று எல்லார் முன்னிலும் கேட்டுவிட்டார். நியாயம்தானே. இடது கையால் ஒருவருக்குக் காசுகூடக் கொடுக்க மாட்டோம், குருவுக்கு முன்னால் நீட்டுவதா? அந்த இடத்திலேயே கையை மாற்றினேன். இடது முஷ்டி, மேலே வலது கை. அறிவைக் காட்டும் கை நல்ல கையாக இருப்பதுதானே முறை என்று அதற்கு ஒரு தத்துவமும் சொல்லிவிட்டேன்.

என் வணக்கத்தைக் கண்டதும் லின் ஒரு கணம் அசையாமல் நின்றாள். பிறகு மிக மெதுவாகத் தலை தாழ்த்தினாள். அவள் கண் கலங்கியிருந்தது. திருச்சி மரியாதை என்றால் சும்மாவா என்று நினைத்துக்கொண்டேன்.

மற்ற மாணவர்கள் எல்லோரும் இடது கையைத்தான் மேலே வைத்தார்கள். நான் குறை நினைக்கவில்லை. காகிதத்தால் துடைத்துக்கொள்ளும் ஊரில் இடது கைக்கு என்ன தாழ்வு? ஆனாலும் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று ஒவ்வொரு நாளும் என் வணக்கத்தைக் கொஞ்சம் நீட்டியே செய்தேன்.

முதல் மூன்று நாட்களும் நிற்பதுதான் பயிற்சி. முழங்காலை மடக்கி, ஒரு மரத்தைக் கட்டிப்பிடிப்பதுபோல் கைகளை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். அடி கிடையாது, உதை கிடையாது. பத்து நிமிடத்தில் தொடை நடுங்கும், பதினைந்தில் மூக்கு அரிக்கும், இருபதில் கடன்காரன்போல மனம் வந்து வாசலில் நிற்கும். எதற்கு இது என்று லினைக் கேட்டேன்.

"நிற்கும்போது உடம்பில் எந்த இடம் தேவையில்லாமல் இறுகியிருக்கிறது என்று தெரியும். தெரிந்தால் விடலாம். உங்களுக்குத் தோள்" என்றாள்.

எனக்குத் தோள் இறுகியிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து உதைப் பயிற்சி. ஒவ்வோர் உதைக்கும் மாணவர்கள் உரக்க எண்ணினார்கள்: "ஒண்ணு! ரெண்டு! மூணு!" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கத்தில் நின்ற மார்செலிடம் விசாரித்தேன். மார்செல் பஸ் ஓட்டுநர், என் வயதுதான், கியூபெக்கில் பிறந்து வளர்ந்தவர். "பெரிய மாஸ்டர் இப்படித்தான் எண்ணுவார். பழைய சீன மொழி" என்றார் பெருமையாக. சென்னைப் பிள்ளைகளுக்கு எண்ணிப் பழகிய வாய் டாக்டருக்குக் கனடா வந்தும் மாறவில்லை போலும். அது தமிழ், என் மொழி என்றேன். மார்செல் அனுதாபத்தோடு என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

ஐந்தாம் நாளிலிருந்து கை தொடும் பயிற்சி. இருவர் எதிரெதிரே நின்று மணிக்கட்டுகளை ஒட்டி வைத்துக்கொண்டு, மற்றவரின் பலம் எங்கிருந்து வருகிறது என்று தோலாலேயே கேட்க வேண்டும். பலம் வந்தால் எதிர்க்கக் கூடாது, இடம் விட்டு விலக வேண்டும். தள்ளினவன் வெற்றிடத்தில் விழுவான். முரட்டுப் பலம் வைத்தவன் தோற்பான் என்பது விதி.

நான் தோற்கவே இல்லை. இருபது வயது இளைஞர்கள் என்னைத் தொட்டுவிட்டுப் பின்வாங்கினார்கள். மார்செல் என்னைவிட ஒரு முழம் உயரம், அவரும் என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். அது மட்டுமா? மறுநாள் அவர் மனைவி எனக்கென்று பிளாஸ்கில் பட்டாணி சூப் கொடுத்தனுப்பியிருந்தாள். பயிற்சி முடிந்ததும் எனக்கு நாற்காலி போட்டார்கள். குருவுக்குச் செய்யும் மரியாதை எந்த ஊரிலும் ஒன்றுதான் என்று ஷீலாவுக்குச் செய்தி அனுப்பினேன். 'சூப்பர் மாஸ்டர்' என்று பதில் வந்தது.

பதினொன்றாம் நாள் டாக்டர் லியுவின் நினைவு நாள். சுவரில் அவர் படம், கீழே ஆரஞ்சுப் பழங்கள், ஊதுபத்தி. முப்பது பேர் வரிசையில் நின்றோம். லின் முன்னால் வந்து அப்பாவின் படத்தை வணங்கினாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். மேலே இருந்தது வலது கை. அவளுக்குப் பின்னால் முப்பது பேரும் வலது கையை மேலே வைத்து வணங்கினார்கள். பத்தே நாளில் ஒரு பள்ளியையே திருத்திவிட்டேனே என்று எனக்கு மார்பு நிமிர்ந்துவிட்டது.

வணக்கம் முடிந்ததும் லின் ஒரு ஜோடி கறுப்புத் துணிச் செருப்பைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். மொட்டை மாடியில் நான் பார்த்துப் பார்த்துப் பயந்த அதே செருப்பு. "இது உங்களிடம் இருப்பதுதான் சரி" என்றாள். குருவின் பாதுகை. கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படியிறங்கும்போது மார்செலிடம் சொன்னேன்: "கடைசியில் நீங்கள் எல்லோரும் சரியான கைக்கு வந்துவிட்டீர்கள்."

"இன்றைக்கு மட்டும்தானே" என்றார் அவர்.

"ஏன் இன்றைக்கு மட்டும்?"

மார்செல் படியில் நின்றுவிட்டார். "வலது கை மேலே வந்தால் அது சாவு வீட்டு வணக்கம். உங்களுக்குத் தெரியாதா? தினமும் செய்கிறீர்களே. முதல் நாளே லின் எங்களிடம் சொல்லிவிட்டாள். 'அவர் இன்னும் அப்பாவுக்குத் துக்கம் காக்கிறார், யாரும் அவரைப் பலமாகத் தள்ளாதீர்கள்' என்று."

பட்டாணி சூப் எதற்கு வந்தது, நாற்காலி எதற்கு வந்தது, என்னை ஏன் எவராலும் அசைக்க முடியவில்லை என்று எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. நான் துக்கத்தில் இருப்பது அந்த மெட்ரோ வண்டிக்கு மட்டும்தான் தெரிந்திருக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் மனம் திருச்சியில் இருந்தது. இருபத்தெட்டு வருடம். விஜயதசமி, குடியரசு தினம், ஆண்டு விழா மேடைகள். ஷீலாவின் கல்யாணத்தில் முப்பது பேரை மண்டப வாசலில் வரிசையாக நிறுத்தி மணமக்களுக்கு அனுதாபம் தெரிவிக்க வைத்திருக்கிறேன்.

குலத்திடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான்.

"விடுங்கோ மாஸ்டர். அவ தன்ரை தேப்பனை நினைச்சு ஆறுதலா இருக்கிறா. அதை ஏன் கெடுப்பான்? நீங்கள் கடிதத்தை வாங்குங்கோ. பேந்து ஊருக்குப் போய் ஆறுதலாச் சொல்லலாம்."

நல்ல யோசனைதான். பொய்யும் இல்லை, நான் துக்கம் காப்பதாக நானா சொன்னேன்? பதினைந்தாம் நாள் கடிதம் வரும், பலகை ஏறும், கராத்தேக்காரர் வாய் மூடும். பன்னிரண்டாம் நாள் முழுக்க அந்த யோசனையோடுதான் இருந்தேன். ஆனால் பெட்டியில் வேட்டிக்கு மேல் அந்தச் செருப்பு இருந்தது. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணில் பட்டது. ஓர் அழுக்குப் பனியனை எடுத்து அதன்மேல் போட்டு மறைத்தேன், உடனே குருவின் செருப்பின்மேல் பனியனைப் போடுகிறாயே என்று குற்ற உணர்வாகிவிட்டது. அந்தச் செருப்போடு விமானம் ஏற என்னால் முடியாது.

பதின்மூன்றாம் நாள் வகுப்புக்கு முன்னரே போனேன். கூடத்துக்குப் பின்னால் லினின் வேலை அறை. அப்பா பல் பிடுங்கினார், மகள் பல் செட் செய்கிறாள். மேசை நிறைய வாய் திறந்த பிளாஸ்டர் தாடைகள். செருப்பை அவற்றுக்கு நடுவில் வைத்துவிட்டு, விஜயதசமி அம்மாவிலிருந்து தொடங்கிச் சொல்லி முடித்தேன். இடது கையைப் பற்றிச் சொல்லும்போது இங்கிலீஷும் என் காலை வாரியது, அதில் வலதும் 'ரைட்', சரியும் 'ரைட்'.

அவள் கையிலிருந்த பல்லைக் கீழே வைத்தாள். "அப்படியென்றால் அப்பாவுக்காக இல்லை."

"இல்லை. எனக்கு அர்த்தமே தெரியாது."

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்பா போனபோது எனக்கு அழுகை வரவில்லை. நீங்கள் வந்து நின்ற அன்று இரவுதான் வந்தது" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அந்த அழுகை என்னுடையது. அதை உங்களுக்குத் திருப்பித் தர மாட்டேன்" என்றாள்.

பிறகு எழுந்து கூடத்துக்கு வந்தாள். என் வலது கையைப் பிடித்து முஷ்டியாக மடக்கினாள். "நீங்கள் எந்தக் கையால் அடிப்பீர்கள்?"

"இந்தக் கையால்தான்."

"அப்படியென்றால் மூட வேண்டியது எது? எது நல்ல கை என்பது கேள்வியே இல்லை. அடிக்கிற கையை மூடிக்காட்டிவிட்டுத்தான் ஒருவர் முன்னால் நிற்க வேண்டும். உன்னை அடிக்க முடியும், அடிக்க மாட்டேன் என்று. சாவு வீட்டில் அது மாறும். அங்கே அடிப்பதற்கு யாரும் இல்லை." என் இடது கையை எடுத்து அதன்மேல் வைத்தாள். "நீங்கள் இருபத்தெட்டு வருடமாகச் சும்மா இருந்த கையை அடக்கிக்கொண்டிருந்தீர்கள்."

மணிக்கட்டை நீட்டினாள். தொட்டேன். அடுத்த கணம் நான் சுவரோரம் கிடந்தேன். எழுந்தேன், மறுபடியும் கிடந்தேன். மூன்றாம் முறை தோளைக் காட்டி, "இறுகியிருக்கிறது" என்றாள். அப்போதுதான் தெரிந்தது, காதுவரை ஏறி இறுகியிருந்தது. அதற்குள் வகுப்புக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். லின் அவர்களிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். மார்செலின் முகம் மலர்ந்தது. பத்து நாள் அடக்கிவைத்ததை எல்லாம் அவர் அன்றைக்கே தீர்த்துக்கொண்டார். "போதும்!" என்று லின் தமிழில் கத்தும்வரை விழுந்துகொண்டே இருந்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ரொம்ப சந்தோஷமாக இருந்தது. பதினான்காம் நாள் மாலை ஒரே ஒரு முறை தோளை விட்டுவிட்டு விலகினேன். மார்செல் என்னைத் தாண்டிப் போய் நாற்காலியில் மோதினார். அதை நான் ஊரில் கட்டாயம் சொல்வேன்.

"கடிதம்?" என்று கடைசியில் கேட்டேன். கேட்காமல் இருக்க நான் என்ன துறவியா?

"உங்கள் மாணவர்களிடம் தப்பு என்று சொல்லுங்கள். நான் பார்க்க வேண்டும்" என்றாள்.

கடைசி நாள் இரவுச் சாப்பாட்டுக்கு லின் ரொக்ஸ்பரோவுக்கு வந்தாள். சாந்தியின் புட்டும் நண்டுக் குழம்பும். லின் நண்டை உடைத்த விதத்தைப் பார்த்து, "இவ எங்கடை ஆள்தான்" என்று சாந்தி தீர்ப்புச் சொன்னாள். எட்டரை மணி, வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். பொன்மலையில் அப்போது காலை ஆறு. ஷீலா போனை மைதானத்தில் ஒரு பைக்கின்மேல் சாய்த்துவைத்திருந்தாள். நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். நான் குலத்தின் போனைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, நடுக்கூடத்தில் நின்றேன். குலம் பழைய பழக்கத்தில் என் பின்னால் வந்து நின்றுகொண்டான்.

முந்தின நாள் முழுக்கத் தயாரித்த பேச்சு ஒன்று இருந்தது. எதுவும் நினைவுக்கு வரவில்லை. "இத்தனை வருஷமா வணக்கத்தை நான் தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டேன்" என்றேன். "அது சாவுக்குச் செய்யறது. அடிக்கிற கையைத்தான் மூடணும். தப்பு என்னோடது. மன்னிச்சுக்கோங்க."

மைதானத்தில் ஒரு காக்கை கத்தியது.

"வலது முஷ்டி, மேலே இடது கை. பழகக் கொஞ்ச நாளாகும், பரவாயில்லை, மெதுவா வரட்டும். வணக்கம்!"

எண்பது கைகள் ஒன்றாக எழுந்தன. மெதுவாக இல்லை. ஒரு கைகூடத் தடுமாறவில்லை, ஒருவர்கூடப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளவில்லை. போன மாதம் சேர்ந்த சிறுமிவரை கச்சிதமாக இடது கையை மேலே வைத்திருந்தாள்.

"ஷீலா, எப்ப இருந்தும்மா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "மூணு வருஷமா மாஸ்டர். நெட்ல பாத்தோம். நீங்க வர்றவரைக்கும் இப்படித்தான் பண்ணுவோம். உங்க டிவிஎஸ் சத்தம் கேட்டதும் கையை மாத்திக்குவோம்."

திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் குலமும் இடது கையை மேலே வைத்துக்கொண்டு நின்றான்.

"நீயுமா?"

"குசினியிலை ஒரு சீனாக்காரன் சொன்னவன் மாஸ்டர். இருபது வருஷமாச்சு. உங்களிட்டை எப்பிடிச் சொல்லுறது?"

லின் என்னைப் பார்த்தாள். "அந்தப் பெண் என்ன சொன்னாள்?"

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெரிந்த தமிழ் மூன்றே வார்த்தைகள். ஆனால் டிவிஎஸ் சத்தம்வரை ஒன்று விடாமல் மொழிபெயர்த்தேன். லின் முதலில் புன்னகைத்தாள், பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், டாக்டர் லியு சிரிப்பதுபோலவே, வாய் முழுக்கப் பல் தெரிய. "மூன்று வருடம் உங்களை எதிர்க்காமல் வழிவிட்டிருக்கிறார்கள். உங்களுக்குத் தெரியவும் இல்லை. நீங்கள் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள்" என்றாள்.

கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து, புட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு முத்திரை குத்தினாள். "செருப்பு என்னிடமே இருக்கட்டும். அது துக்கம் காத்தவருக்குக் கொடுத்தது. இது உங்களுக்கு."

கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கினேன். போனில் நாற்பது பேரும் இன்னும் வணங்கியபடியே நின்றார்கள், நான் பதில் வணக்கம் செய்யாமல் யாரும் கையை இறக்க மாட்டார்கள். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, நிமிர்ந்து நின்று, என் கம்பீரம் எல்லாம் சேர்த்து ஒரு வணக்கம் செய்தேன்.



"மாஸ்டர்" என்றாள் ஷீலா, பூமியின் அந்தப் பக்கத்திலிருந்து, முதல் முறையாக. "இடது கை மேல."

கையை மாற்றினேன்.